அந்தக் கீச்சு

ராத்திரி பதினோரு மணி. பிள்ளையார்பட்டி அடங்கிடுச்சு.
நான் மட்டும் வளவுல கிடாரோட உட்கார்ந்திருக்கேன்.

நானே கட்டின வால்வ் ஆம்ப். அவுட்புட்ல ஒரே ஒரு ஈ.எல்.84 வால்வ், அஞ்சு வாட்ஸ்.
அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வாங்கின பழைய ரேடியோவுல இருந்து எடுத்தது.

ஒரு மாசமா சத்தம் காதைக் கிழிக்குது.
"தகரத்துல ஆணியை இழுக்கிற மாதிரி இருக்கு அப்பு"ன்னாங்க அப்பத்தா. அதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது.

வால்வை மாத்தினேன். ஸ்பீக்கரை மாத்தினேன்.
ஆத்தங்குடிக் கல்லுத் தரை கூர்மையான ஒலியைத் திருப்பி அடிக்குமேன்னு ஜமுக்காளம் விரிச்சேன். கொஞ்சம் அடங்குச்சு, போகல.

இன்னைக்கு ஆம்ப் ஓடும்போதே, காய்ஞ்ச மூங்கில் குச்சியால ஒவ்வொரு ஒயரா நகர்த்தினேன்.
(உள்ளே 250 வோல்ட். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால. ஆஃப் பண்ணினாலும் கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும், பழகாதவங்க தொடாதீங்க.)

வால்வுக்குள்ள சிக்னல் போற கிரிட் ஒயரை அவுட்புட் ஒயர்கிட்ட இருந்து ஒரு விரற்கடை தள்ளினேன்.
மீட்டிப் பார்த்தா, கீச்சு போயிடுச்சு!

காதுக்கே எட்டாத உயரத்துல வால்வ் தானா அலறிக்கிட்டு இருந்திருக்கு. அதுதான் ஒவ்வொரு நோட்டையும் கிழிச்சிருக்கு.
ஒயரைக் குறைச்சு, சாக்கெட்டோட ரெண்டாவது பின்னுலயே 4.7 கே ரெசிஸ்டர் ஒண்ணு சால்டர் பண்ணிட்டேன்.

இப்ப ஈ கார்டை மீட்டினா, அது மெதுவா கரைஞ்சு தேக்குத் தூண் வரைக்கும் போகுது. கண்ணு கலங்குது.

அப்பத்தா தூங்கிட்டாங்க.
எழுப்பி வாசிச்சுக் காட்டவா, விடியட்டுமா?