முப்பத்தொன்பது

அம்மாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண். திங்கள், புதன், வெள்ளி கட்டு மாற்ற வேண்டும். அதனால் அந்த ஆஸ்பத்திரியின் புறநோயாளிக் கூடத்தில், டோக்கன் கவுண்டரின் பக்கவாட்டுக் கதவை ஒட்டிய பெஞ்சு ஓரம் எனக்கு வாடிக்கையான இடம். காற்றுக்காகக் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பார்கள். கவுண்டர் கம்ப்யூட்டரின் திரை என் கண்ணிலிருந்து மூன்றடி.

ஆறு அறைகள், ஆறு டாக்டர்கள். உள்ளே பட்டனை அழுத்தினால் வெளியே போர்டில் எண் மாறும். மணி அடிக்கும். ஒரு பெண்குரல் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, மறுபடி தமிழில் ஒரு தடவை கூப்பிடும். எல்லாம் சேர்ந்து 20 விநாடி.

திங்கட்கிழமைகளில் 11.30 வாக்கில் அந்தக் குரல் அடங்கிப்போகும். போர்டில் எண் அப்படியே நிற்கும். அடுத்த நிமிடமே கூட்டம் எழுந்து அறை வாசல்களில் போய் முட்டும். முட்டத் தெம்புள்ளவருக்கு முறை கிடைத்துவிடும். முதல் பஸ்ஸில் வந்து, டோக்கனை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு காத்திருக்கும் பாட்டி சுவரோரமாகவே நிற்பாள். கவுண்டர் அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். எட்டுப் பத்து நிமிடத்தில் குரல் திரும்பிவிடும். பாட்டியின் முறை திரும்பாது.

மாதக்கணக்காக இதுதான் வைத்தியம்.

ஒரு புதன்கிழமை அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். டோக்கன் மென்பொருளைச் செய்துகொடுத்த கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பையை இறக்கி வைத்ததும் சொன்னாள்: "அக்கா, இன்னிக்கு நின்னுபோச்சுன்னா அணைச்சிடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க."

நானும் இருபது வருடத்துக்கு மேல் புரோகிராம் எழுதிப் பிழைத்தவன். அந்த ஒரு பேச்சிலேயே அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. அணைத்துப் போட்டால் நோயோடு தடயமும் போய்விடும். நின்றுபோன நிலையில் ஒரு புரோகிராமைப் பார்க்கும் பொறுமை பலருக்கு வாய்ப்பதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து முதலில் மற்றதையெல்லாம் கழித்தாள். ஆன்ட்டி வைரஸ் இல்லை. பிரவுசர் இல்லை. டோக்கன் புரோகிராமின் மெமரிக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் அந்த ஒரு புரோகிராம் தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் மெமரியை மட்டும் கோடாக வரையவிட்டாள். சிவப்புக் கோடு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன்.

கோடு ஏறுவதாலேயே மெமரிக் கசிவு, அதாவது வாங்கிய இடத்தைத் திருப்பித் தராத குறை, என்று சொல்லிவிட முடியாது. வேலை நடக்கும்போது மெமரி ஏறத்தான் செய்யும். வேலை ஓய்ந்த பிறகு இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. மத்தியானம் 1.30-க்கு டாக்டர்கள் சாப்பிடப் போனார்கள். கூடம் காலி. கோடு இருந்த உயரத்திலேயே ஒரு மணி நேரம் தட்டையாக நின்றது, ஒரு நூல் இறங்கவில்லை. இன்னொன்றையும் அவள் கவனித்திருக்க வேண்டும், கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினாள். அது சரிவாக ஏறவில்லை. படிக்கட்டு போல ஏறியிருந்தது. சில படிகள் நெருக்கமாக, சில படிகள் வெகு தூரத்தில். தானாக ஒழுகுவதாக இருந்தால் சரிவாக இருக்கும். படி என்றால் யாரோ எதையோ செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் போகிறது.

"எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு நின்னுச்சுன்னு ஞாபகம் இருக்காக்கா?"

அக்கா இழுப்பறையைத் திறந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீல மையில் தேதி, நேரம். அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை. திட்டு வாங்கும்போது காட்டுவதற்காக எழுதி வைத்தாராம். திங்கள் 11.30, 11.40. புதன் சிலவற்றில் 3 மணி. சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் படித்தாள். கடிகாரத்தை வைத்து நிற்கவில்லை, கூட்டத்தை வைத்து நிற்கிறது.

வெள்ளிக்கிழமை அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்துவிட்டு யூஎம்டிஹெச்சை எடுத்தாள். விண்டோஸில் கசிவு தேடுகிறவர்களின் கருவி அது. ஒரு புரோகிராம் இந்த நொடியில் எங்கெங்கே எவ்வளவு மெமரி வாங்கி வைத்திருக்கிறது, எந்த வரியிலிருந்து வாங்கியது என்று பட்டியல் எடுக்கும். சிறிது நேரம் கழித்து இன்னொரு பட்டியல் எடுத்து, இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது எது என்று தெரியும். நான் லினக்ஸில் வால்கிரைண்டோடு காலம் தள்ளியவன். கருவி வேறு, கழித்தல் ஒன்றுதான்.

முதல் பட்டியல் எடுத்தாள். ஒரு பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு 40 தடவை அழுத்தினாள். ஒவ்வொரு அழைப்பும் முழுதாக முடியும்வரை காத்திருந்து, அடுத்ததை அழுத்தினாள். காலிக் கூடத்தில் டோக்கன் எண்கள் மாறிக்கொண்டே போயின. பதினைந்து நிமிடம் போல ஆயிற்று. இரண்டாவது பட்டியல் எடுத்துக் கழித்தாள்.

ஒன்றும் இல்லை. கோடும் பழைய உயரத்துக்கே திரும்பியிருந்தது.

அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்கும் நெஞ்சு கனத்தது. தேடி வந்தது இல்லை என்று கருவி சொல்லும் அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் இத்தனை நாளாக "இங்க நல்லாத்தானே ஓடுது" என்று சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை, அங்கே நல்லாத்தான் ஓடியிருக்கும்.

தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டே அக்கா கேட்டார்: "இவ்வளவு மெதுவாவா பாப்பா அழுத்துவோம்? திங்கக்கிழமை வந்து பாரு. அது பேசி முடிக்கிற வரைக்கும் யாரு காத்திருக்கா? ஒரு டாக்டர் கூப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே இன்னொருத்தர் அழுத்துவாரு."

அவள் அக்காவையே பார்த்தாள். பிறகு பட்டனை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க அழுத்துங்கக்கா. திங்கக்கிழமை மாதிரி."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். மணி அடித்து, குரல் "டோக்கன்" என்று தொடங்குவதற்குள் அடுத்த மணி. சிவப்புக் கோடு கிடுகிடுவென்று ஏறியது. நாற்பது எண்ணியதும் நிறுத்தி, கடைசி அழைப்பு முழுதாக ஓடி முடியும்வரை காத்திருந்து, பட்டியல் எடுத்துக் கழித்தாள்.

ஒரே வரி மிஞ்சியிருந்தது. திருப்பித் தராதது 39.

நாற்பது இல்லை, முப்பத்தொன்பது. அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். எனக்கும் புரிந்துவிட்டது. கடைசி அழைப்பை மட்டும் யாரும் குறுக்கே வெட்டவில்லை. அது மட்டும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஒவ்வொரு அழைப்புக்கும் அந்த 20 விநாடிக் குரலை முழுதாக மெமரியில் ஏற்றிக்கொள்கிறார்கள். சிடி தரத்தில் விநாடிக்கு 1,76,400 பைட். 20 விநாடிக்கு மூன்றரை எம்பி. பேசி முடித்தால் அந்த இடத்தை விடுவிக்க ஒரு வரி இருக்கிறது. பாதியில் வெட்டுப்பட்டால் போகும் வழியில் அந்த வரி இல்லை. கட்டு மாற்றும் அறையில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்தால் நர்ஸ் தட்டைக் கழுவ எடுத்துப்போவார். பாதியில் அவசரமாகக் கூப்பிட்டால் தட்டு கட்டில் ஓரத்திலேயே கிடக்கும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஏறத்தாழ ஐந்நூறு அழைப்புகள் வெட்டுப்பட்டால் ஒன்றரை ஜிபிக்கு மேல் போயிற்று. அது பழைய 32 பிட் புரோகிராம், விண்டோஸ் அதற்குத் தரும் எல்லையே 2 ஜிபி. அதில் மூன்றரை எம்பிக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் போகும்போது மூச்சு நிற்கிறது.

1992 நவம்பர் 4 அதிகாலை லண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் கணினி நின்றதும் இதே மாதிரிதான். மூன்று வாரத்துக்கு முன் சேர்த்த சில வரிகள், வண்டி அனுப்பும் ஒவ்வொரு தடவையும் சர்வரில் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொண்டு திருப்பித் தராமல் விட்டன. விசாரணை அறிக்கையில் அதைப் படித்த நாளிலிருந்து, கசிவைச் சின்னக் குறை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தவர்கள். இந்தப் பக்கம் சுவரோரம் பாட்டி.

அவள் லேப்டாப்பில் அந்த இடத்தைத் திறந்து ஒரு வரி தட்டினாள். ஒரு கணம் யோசித்து, அதை வெட்டி எடுத்து ஒரு வரி கீழே ஒட்டினாள். முதலில் ஒலியை நிறுத்த வேண்டும், பிறகுதான் இடத்தை விடுவிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒலிக்கும் குரலின் காலடியிலிருந்து தரையை உருவியது போல ஆகும், புரோகிராம் விழுந்துவிடும். அவள் கை தானாகவே அதைத் திருத்திக்கொண்டதைப் பார்க்க எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. அவள் கவுண்டருக்குள் ஒரு ஸ்டூலில் இருந்தாள். அழைப்பின் மேல் அழைப்பு, ஒரு குரலை இன்னொரு குரல் வெட்டிக்கொண்டே இருந்தது. கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. 11.30. 11.40. ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சீட்டைப் பக்கத்திலிருந்த பையனிடம் காட்டி எண்ணைக் கேட்டுக்கொண்டு, மூன்றாம் அறைக்குள் போனாள்.

12 மணிக்கு அக்கா இழுப்பறையைத் திறந்தார். நோட்டில் காலையிலேயே தேதியை எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் நேரம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிவரப் பையனை அனுப்பினார்.