குழல் முனையில் ஒரு துணிப்பை

புனே நகரின் கிழக்கு ஓரம். முளா-முட்டா ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் வயல்களாக இருந்த கராடியில் இன்று வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள். ஈயான் ஐ.டி. பார்க் வாசலில் மாலையில் கூடும் கூட்டத்தில் மராத்தி, இந்திக்கு நடுவே மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் காதில் விழும். வாரம் முழுக்க கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் இந்த இளைஞர்களில் சிலர், விடுமுறை நாட்களில் லோணாவலா பக்கம் போய் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிறார்கள் - சாயக் குண்டுகளால்.

பெயின்ட்பால் ஆட்டத்தின் குண்டு, ஜெலட்டின் உறைக்குள் சாயம் நிரப்பிய சுமார் 17 மி.மீ. உருண்டை. காற்றழுத்தத்தில் பாய்ந்து, மேலே பட்டதும் உடைந்து கறையாக்கும். கறைபட்டவர் அவுட். குறி தப்பினால் பழி 'மார்க்கர்' எனப்படும் துப்பாக்கியின் மேல்தான். உடனே பேச்சு, குழலில் எதை மாட்டலாம் என்பதற்குப் போய்விடும்.

இந்தச் சாலைக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல. கராடியிலிருந்து நகர் ரோட்டில் சுமார் 20 கி.மீ. போனால் கோரேகாவ் பீமா. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படையோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறுபடை மோதிய இடம். கம்பெனி அணியில் மகர் வீரர்கள் பலர். அதன் இரு பீரங்கிகளை இயக்கியது மதராஸ் பீரங்கிப் படை. கம்பெனிச் சிப்பாய்களின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. துளை 19 மி.மீ., குண்டு சுமார் 17.5 மி.மீ. சீக்கிரம் திணிப்பதற்காக விட்ட அந்த இடைவெளியில் குண்டு இப்படியும் அப்படியும் முட்டி, தாறுமாறாகச் சுழன்று வெளியேறியது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒற்றை ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம்தான்.

சாயக் குண்டின் கதையும் அதேதான். உருண்டை, வழுவழுப்பான குழல். துளை பெரிதானால் காற்று கசிந்து வேகம் மாறும். சிறிதானால் குண்டு குழலுக்குள்ளேயே உடையும். போதாததற்கு ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். மே மாத வெயிலில் பொருந்திய குண்டு, ஜூலை மழையில் உப்பி இறுகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குழலின் பின்பகுதியில் வெவ்வேறு அளவு உட்குழாய்களை மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள்.

முன்பகுதியில் மாட்டுபவை செய்வது வேறு வேலை. ஓட்டைகள் போட்ட முனை காற்றை மெல்ல வெளியேற்றிச் சத்தத்தைக் குறைக்கும். மிக நீளமான குழல் கூடுதல் காற்றைக் குடிக்குமே தவிர, குறியைக் கூர்மையாக்காது. ரைபிள் போல உட்புறம் சுருள் பள்ளம் வெட்டினாலும் பெரிய பலனில்லை. உறை சுழலும் வேகத்துக்கு உள்ளேயிருக்கும் திரவம் ஈடுகொடுப்பதில்லை. டிப்மன் நிறுவனத்தின் சற்றே வளைந்த 'ஃப்ளாட்லைன்' குழல் குண்டைப் பின்னோக்கிச் சுழலவிடும். டேபிள் டென்னிஸில் கீழாக வெட்டிய பந்து மிதப்பதுபோல அதுவும் மிதந்து தூரம் போகும். ஆனால் தூரம் வேறு, துல்லியம் வேறு.

1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் இந்த ஆட்டத்தை முதன்முதலாக ஆடினார்கள். மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளமிட வைத்திருந்த துப்பாக்கிகள்தான் அவர்கள் கையில். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், காட்டையறிந்த வனத்தொழிலாளி. ஒரு குண்டுகூடச் சுடாமல் எல்லாக் கொடிகளையும் கைப்பற்றிவிட்டார்.

விலை மலிவான இன்னொரு உறுப்பைப் பற்றி மட்டும் யாரும் சர்ச்சை செய்வதில்லை: ஆடாத நேரத்தில் குழலின் வாயை மூடும் துணிப்பை. விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு சுமார் 330 கி.மீ. வேகத்தில் வரும் உருண்டை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆட்டம் முடிந்தது என்று முகமூடியைக் கழற்றி வியர்வை துடைக்கும் நேரத்தில் யார் விரலாவது விசையில் பட்டால் போதும். குறி பார்க்காமல் போகும் அந்தக் குண்டை நிறுத்துவது அந்தத் துணிப்பை ஒன்றுதான். திங்கட்கிழமை காலை கராடியில் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்க இரண்டு கண்களும் வேண்டுமே.