மெசேஜ் போயிருச்சுங்க சார்!

அமராவதி நகர்ல டிரெட்மில்லான்னு கேட்டுச் சிரிக்காத நண்பர் எனக்கு இதுவரைக்கும் வாய்க்கல. சிரிப்புல நியாயம் இருக்கு. உடுமலைக்குத் தெக்கே 25 கிலோமீட்டர், ஆனைமலை அடிவாரம். 1957-ல கட்டின அமராவதி அணை ஒரு பக்கம், 1962-ல ஆரம்பிச்ச சைனிக் ஸ்கூல் ஒரு பக்கம். விடிகாலையில அந்த ஸ்கூல் பசங்க ஓடுற சத்தம் கேக்கும். இப்படி ஒரு ஊர்ல நாலு சுவத்துக்குள்ள ரப்பர் பட்டை மேல நடக்கிறவனை என்னன்னு சொல்றது?

நடக்கிறது நான் இல்லீங்க, எங்கப்பா. 2023 அக்டோபர்ல கோயமுத்தூர்ல ஸ்டென்ட் வச்சாங்க. தினமும் அரை மணி நேரம் நடக்கணும், ஆரம்பத்துல தனியா எங்கேயும் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பாவுக்கு நாலரை மணிக்கு முழிப்பு வந்துரும். அந்த நேரத்துல ரோட்டுல வெளிச்சமில்லை. காட்டோரம்கிறதால யானை எந்தப் பக்கம் நிக்கும்னு சொல்ல முடியாது. கூடப் போகலாம்னா, நான் வீட்டுல இருந்தே பொட்டி தட்டுறவன். அமெரிக்காக்காரனோட பேசி முடிச்சுப் படுக்கவே ஒரு மணி ஆகும். ஆக 2024 பொங்கலுக்கு வீட்டுக்கு டிரெட்மில் வந்துச்சு.

இந்த மெஷினோட பூர்வீகம் கொஞ்சம் வில்லங்கமானது. 1818-ல வில்லியம் கியூபிட்ங்கிற இங்கிலாந்து இஞ்சினியர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைச்சது. பெரிய சக்கரத்துல படி படியா வச்சு, மணிக்கணக்கா ஏற வைப்பாங்க. ஆஸ்கர் வைல்டும் 1895-ல ஜெயில்ல அதுல ஏறினவர்தான். அப்புறம் அமெரிக்காவுல ராபர்ட் புரூஸ்ங்கிற இதய டாக்டர் ஓடுற பட்டை மேல நோயாளியை நடக்க விட்டு ஈசிஜி எடுக்க ஆரம்பிச்சார். இன்னிக்கும் நம்ம ஆஸ்பத்திரிகள்ல டிஎம்டின்னு எடுக்கிறது பெரும்பாலும் அவர் வகுத்த முறைதான். மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏத்தம்னு தொடங்கி மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கிட்டே போவாங்க. அப்பாவோட அடைப்பு இருக்கிறதே அந்த டெஸ்ட்லதான் வெளியே வந்துச்சு. வீட்டுக்கு வந்த கதை தனி. 1968-ல கென்னத் கூப்பர் எழுதின ஏரோபிக்ஸ் புத்தகத்தைப் படிச்சிட்டு, வில்லியம் ஸ்டாப்ங்கிற இஞ்சினியர் வீட்டுக்குன்னே விலை குறைஞ்ச டிரெட்மில் செஞ்சார். 2012-ல 96 வயசுல போய்ச் சேர்ந்தார்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

அப்பா நாளைக்கு ரெண்டு கிலோமீட்டர் நடப்பார். மாசம் அறுபது. ஏப்ரல் கடைசியில 200 கிலோமீட்டர் தாண்டினதும் டிஸ்பிளேல இங்கிலீஷ்ல 'ஆயில்'னு மூணு எழுத்து மின்ன ஆரம்பிச்சுது, கூடவே பீப் பீப்னு சத்தம். வாரண்டியில இருக்கிற மெஷின், நாமளே கை வைக்க வேண்டாம்னு வாங்கின இடத்துக்குப் போன் போட்டேன். நாலு நாள் கழிச்சு கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன் வந்தான். பையைக் கூடக் கீழே வைக்கல. ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி அஞ்சாறு செகண்ட் பிடிச்சான். பீப் நின்னுச்சு.

"மெசேஜ் போயிருச்சுங்க சார். விசிட்டிங் சார்ஜ் அறுநூறு ரூபா."

நான் ஜிபே பண்ணப் போனைத் தேடிட்டு இருக்கேன். அப்பா மெதுவா எந்திரிச்சு வந்தார்.

"ஏந் தம்பி, ஆயில் ஊத்தலீங்களா?"

"அதெல்லாம் தேவையில்லீங்க ஐயா. சும்மா ரிமைண்டர்தான். மறுபடி வந்தா இதே மாதிரி அமுத்துங்க, போயிரும்."

அப்பா பதில் சொல்லல. பிளக்கைப் பிடுங்கினார், குனிஞ்சு பட்டையோட ஓரத்தைத் தூக்கி உள்ளங்கையை நடுவரைக்கும் உள்ளே விட்டார். வெளியே எடுத்துக் கையைக் காட்டினார். கொஞ்சம் கறுப்புத் தூசி, அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. பையன் கிளம்பிட்டான்.

எங்கப்பாவைப் பத்திச் சொல்லியாகணும். திருப்பூர்ல 34 வருஷம் நிட்டிங் ஃபிட்டர். பனியன் துணி ஓட்டுற வட்ட மெஷின் இருக்கே, அதுக்கு வைத்தியர். ரிட்டயர் ஆனப்புறம்தான் சொந்த ஊருக்குத் திரும்பினார். அன்னிக்குச் சாயங்காலம் திண்ணையில உக்காந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன்:

"30 இஞ்ச் டயா, 24 கேஜ் மெஷின்ல ஊசி எத்தனை தெரியுமா கண்ணு? ரெண்டாயிரத்து இருநூறுக்கு மேல. அதுல ஒண்ணே ஒண்ணு ஒடிஞ்சா மெஷின் நின்னு லைட் எரியும். ஊசியை மாத்துனாத்தான் மறுபடி ஓட்டணும். சில பேர் என்ன பண்ணுவாங்க தெரியுமா? சென்சாரைத் திருப்பி வச்சிட்டு ஸ்டார்ட்டை அமுத்துவாங்க. மெஷின் ஓடும், லைட்டும் எரியாது. புரொடக்சன் நோட்டுல கிலோவும் ஏறும். ஆனா துணியில நீளத்துக்கும் ஒரு கோடு விழுந்துக்கிட்டே போகும். நீடில் லைன். வெள்ளைத் துணியில சட்டுன்னு கண்ணுக்குத் தெரியாது. சாயம் போட்டு வந்ததும் பல்லைக் காட்டும். அதுக்குள்ள எத்தனை ரோல் போயிருக்கும்! அந்தப் பையன் இன்னிக்குப் பண்ணுனது அதான்."

ரெண்டு நாளைக்கு எனக்கு இதே நினைப்பு. நம்ம பொழப்பும் இதுதானே மக்களே? ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர்ல டிஸ்க் நிறையுதுன்னு அலர்ட் வரும். தூக்கக் கலக்கத்துல 'பார்த்தாச்சு'ங்கிற பட்டனைத் தட்டிட்டுப் புரண்டு படுக்கிற ஆளுங்களை ஆபீஸ்ல நிறையப் பார்த்திருக்கேன். அலர்ட் அடங்கிரும், டிஸ்க் அது பாட்டுக்கு நிறைஞ்சுக்கிட்டே இருக்கும்.

ஒரு புரோகிராமரா சொல்றேன், டிரெட்மில்லோட இந்த ரிமைண்டருக்குள்ள ஒரு அறிவும் கிடையாது. கடைசியா பட்டன் அழுத்தினதுல இருந்து இத்தனை கிலோமீட்டர் ஓடிருச்சா, ஓடியிருந்தா மெசேஜைக் காட்டு. அவ்வளவுதான் லாஜிக். சில மெஷின்ல கிலோமீட்டருக்குப் பதிலா மணிக்கணக்கு இருக்கும். பட்டன் அழுத்தினா எண்ணிக்கை பூஜ்யமாகும். பட்டைக்கு அடியில எண்ணெய் இருக்கா, காஞ்சு கிடக்கான்னு பார்க்க அங்க ஒரு சென்சாரும் இல்லை. ஆயில் போட்டுட்டு அழுத்தினாலும், போடாம அழுத்தினாலும் அதுக்கு ஒண்ணுதான்.

காஞ்சா என்ன ஆகும்? பட்டை ஒரு பலகை மேல வழுக்கிட்டு ஓடுது. நடுவுல மெல்லிய சிலிக்கான் படலம் இருக்கணும். அது போச்சுன்னா உராய்வு கூடும். மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடாகும், கடைசியில கண்ட்ரோல் போர்டு போகும். இதெல்லாம் பணத்தோட போற விஷயம். நான் பயந்தது வேற. கால் வைக்கிற நொடியில பட்டை லேசா திக்கும், அடுத்த நொடி விருட்டுன்னு போகும். 63 வயசு, நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை. அவர் விழுந்தா சாதாரண விழுகையா இருக்காது.

அதனால நாங்களே இறங்கினோம். அப்பாதான் ஃபிட்டர், நான் ஹெல்ப்பர். மொதல்ல அவர் கேட்டது, "நீடில் ஆயில் ரெண்டு சொட்டு விட்டா என்ன?" மேனுவலைத் தேடிப் படிச்சுக் காட்டினேன். சுத்தமான சிலிக்கான் ஆயில் மட்டும்தான் போடணும்னு இருந்துச்சு. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு எடுக்கிற ஸ்பிரே எதுவும் ஆகாது. பட்டையையும் கெடுக்கும், தூசியைப் பிடிச்சுக் களிம்பாக்கும். அப்பா உடனே ஒத்துக்கிட்டார். "வாஸ்தவந்தான். நிட்டிங்லயும் துவைச்சா போற ஆயில்தான் போடோணும். கண்டதை ஊத்தினா துணியில கறை நிக்கும். மெஷினுக்கு மெஷின் ஆயில் வேற."

பிளக்கைப் பிடுங்கிட்டு, மெல்லிசுத் துணியை பட்டைக்கு அடியில ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வாங்கி, பலகையைத் துடைச்சோம். மேனுவல்ல சொன்ன அளவு ஆயிலை ரெண்டு பக்கத்துல இருந்தும் உள்ளே, கால் படுற இடமாப் பார்த்து வளைச்சு வளைச்சு விட்டோம். அப்புறம் பிளக்கை மாட்டி, ஆளில்லாம மெதுவா அஞ்சு நிமிஷம் ஓட விட்டோம். பட்டை வலது பக்கம் ஒதுங்கியிருந்துச்சு. பின்னாடி ரோலர்ல ரெண்டு பக்கமும் போல்ட் இருக்கு. வலது போல்ட்டை எல் கீயால கால் சுத்து இறுக்கினதும் மெல்ல நடுவுக்கு வந்துச்சு. நான் இன்னொரு கால் சுத்து போடலாமான்னு கேட்டேன். "பொறு சாமி, அது வந்து நிக்கட்டும்"னுட்டார். பட்டையை நடுவுல தூக்கினா ரெண்டு மூணு இஞ்ச் எழும்பணும். அதைவிடக் கம்மியா எழும்பினா இறுக்கம் ஜாஸ்தி, ரோலர் பேரிங் போயிரும்.

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழிச்சு (உள்ளே கெபாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், அவசரம் ஆகாது) மோட்டார் மூடியைக் கழட்டினா உள்ளே தூசி மெத்தை! பிரஷ்ஷால தட்டி எடுத்தோம்.

எல்லாம் முடிஞ்சப்புறம் அப்பா ஒரு பழைய நோட்டுல தேதி, கிலோமீட்டர், ஆயில் எவ்வளவு, போல்ட் எந்தப் பக்கம் எவ்வளவு சுத்தினதுன்னு எழுதினார். நோட்டை மெஷின் கைப்பிடியில கயித்தால கட்டித் தொங்க விட்டார்.

அந்த நோட்டோட அருமை ஆடியில தெரிஞ்சுது. பாலக்காட்டுக் கணவாய் வழியா எங்க பக்கம் அடிக்கிற காத்து எப்படிப்பட்டதுன்னு உடுமலையைச் சுத்தி நிக்கிற காத்தாடிகளைப் பார்த்தாலே தெரியும். ஜன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள்ள மண்ணு. கடைசியா ஆயில் போட்டு 140 கிலோமீட்டர்தான் ஆகியிருந்துச்சு. டிஸ்பிளேல மெசேஜும் இல்லை, பீப்பும் இல்லை. ஒரு நாள் அப்பா சும்மா கையை விட்டுப் பார்த்தா சொரசொரன்னு மண்ணும் காஞ்ச பலகையும். மெஷினோட கணக்குப்படி இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கு, ஆனா ஆடிக்காத்து அடிக்குதுன்னு அதுக்கு யாரு சொல்றது? ஆயில் போட்டு எழுதி வச்சார். இப்ப ஆடி மாசம் மட்டும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கை விட்டுப் பார்க்கிறது வழக்கமாயிருச்சு.

இவ்வளவு சூதானமான மனுசன் அக்டோபர்ல என்ன செஞ்சார் தெரியுமா?

ஸ்டென்ட் வச்சு ஒரு வருஷம் ஆச்சு, பரிசோதனைக்கு வாங்கன்னு ஆஸ்பத்திரியில இருந்து அவர் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. ஒண்ணில்லை, மூணு. தற்செயலா ரீசார்ஜ் பண்ணப் போனை வாங்கினப்பதான் பார்த்தேன். மூணையும் திறந்து பார்த்து வச்சிருக்கார், எங்ககிட்ட மூச்சு விடல. "என்னங்கப்பா இது?"ன்னு கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு, நல்லாத்தானே இருக்கறேன். தினமும் நடக்கறேன், மாத்திரை போடறேன். அவங்க எல்லாருக்கும் அனுப்பறதுதான் அது. சும்மா ரிமைண்டர்."

சும்மா ரிமைண்டர். அந்த சர்வீஸ் பையன் சொன்ன அதே வார்த்தை! எனக்குக் கோவம் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அம்மா அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்தாங்க. நான் சத்தம் போடல. "ஏங்கப்பா, மெசேஜ் போயிருச்சுங்களா?"ன்னு மட்டும் கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு வெளியே போயிட்டார். மறுநாள் நான் எந்திரிச்சப்ப மணி ஒன்பது. டிரெட்மில் நோட்டுல கடைசிப் பக்கத்தைத் திருப்பி வச்சிருந்தார். மேலே அவர் பேரு, கீழே "வெள்ளிக்கிழமை, கோயமுத்தூர்"னு எழுதியிருந்துச்சு.

போய்ட்டு வந்தோம். எக்கோ நல்லா இருக்கு. கெட்ட கொழுப்பு மட்டும் டாக்டர் எதிர்பார்த்ததை விடக் கூட. மாத்திரை அளவை ஏத்தி எழுதிக் கொடுத்து, மூணு மாசத்துல மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். நடையில, மூச்சுல, சாப்பாட்டுல ஒரு வித்தியாசமும் வெளியே தெரியலை. போகாம இருந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. இப்ப நோட்டுல முன்பக்கம் மெஷினோட கணக்கு, பின்பக்கம் அப்பாவோட கணக்கு.

டிஸ்கி: வீட்டுல டிரெட்மில் வச்சிருக்கிற மக்களுக்கு. மெசேஜை அழிக்கிற பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மேனுவல்ல பாருங்க. சில மாடல்ல பலகையே மெழுகு பூசி வரும், அதுக்கு ஆயில் போடவே கூடாது, அதையும் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டாம, எர்த் ஒழுங்கா இருக்கிற 16 ஆம்ப் பாயிண்ட்ல நேரா மாட்டுங்க. சிவப்புக் கயித்துல ஒரு கிளிப் இருக்குமே, அதைச் சட்டையில மாட்டிக்கிட்டே நடங்க. விழுந்தா மெஷின் நிக்கும். பட்டனை எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் கடைசியா அழுத்துங்க :-)