தடாவைப் பழைய வரைபடத்தில் தேடுவது

ஆந்திராவில் உள்ள தடாவின் பழைய நில ஆவணங்களைத் தேடுபவர் முதலில் மாவட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவாகும்வரை இவ்வூர் நெல்லூர் மாவட்டம். 1953 அக்டோபர் 1-க்கு முன் அந்த மாவட்டமே சென்னை ராஜ்யத்தில் இருந்தது. அதனால் சர்வே எண், அடங்கல், புறம்போக்கு என எல்லாமே தமிழ்நாட்டுக்காரருக்குப் பழகியவைதான்.

கிராம வரைபடம் ஊரின் மொத்த அமைப்பைக் காட்டும். சுவை இருப்பதென்னவோ எஃப்.எம்.பி. எனப்படும் புல அளவைப் புத்தகத்தில். சர்வே எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, அவற்றின் கோட்டிலிருந்து வரப்பின் வளைவுவரை செங்குத்தாக அளந்த எண்கள். பழைய தாள்களில் அவை லிங்க் கணக்கு. 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். சர்வே கல் மட்டும் பெயராமல் இருந்தால், உழுது அழிந்த வரப்பையும் மீண்டும் குறித்துவிடலாம்.

குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் புறம்போக்காகப் பதிவாவதால், புழக்கம் நின்ற பாதையும் தாளில் தப்பியிருக்கும். பழவேற்காடு ஏரிப் பக்கம் மட்டும் கவனம் தேவை. மழையில் பரந்து கோடையில் சுருங்கும் நீர்விளிம்பை வரைபடம் ஒரே கோடாகத்தான் காட்டும். பழைய படத்தைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்த அதைவிடச் சென்னை–கூடூர் ரயில்பாதையே நம்பகமானது.