எரிமலைப் பாறையில் வெளிமான்

கோலார் தங்கவயலுக்கு மான் பார்க்கப் போகிறேன் என்றபோது நண்பர்கள் நம்பவில்லை. முந்தின நாள் மாலை மாரிக்குப்பம் ரயிலில் போய்த் தங்கிவிட்டு, விடியும் முன்பே கிளம்பினேன். சாம்பியன் பகுதியில் லைன் வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர் உடன் வந்தார்.

இந்த மண்ணே ஒரு தீவுதான். சுற்றிலும் சாம்பல் நிறக் கிரானைட். நடுவே வடக்கு தெற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில கிலோமீட்டர் அகலமே உள்ள கரும்பச்சைப் பாறைப் பட்டை. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட எரிமலைக் குழம்பு அது. கடலடியில் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்த குழம்பு, தலையணை அடுக்கியதுபோல் உருண்டு இறுகியிருப்பதைப் பெத்தபள்ளியில் இன்றும் பார்க்கலாம். தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் அது. தங்கம் ஓடியதும் இந்தப் பட்டைக்குள்தான். அதைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் இறங்கினார்கள், பெரும்பாலோர் தமிழர்கள்.

தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். வெயில் ஏறுவதற்குள் ஆட்காட்டி கத்திவிட்டது. "தம்பி, அப்படியே உட்காருங்க" என்றார் பெரியவர். "கறுப்பா நிக்குதே, அது கெடா. மத்ததெல்லாம் பொட்டையும் குட்டியும்."

முறுக்கிய கொம்பை முதுகில் சாய்த்து, தலையை நிமிர்த்தி அந்தக் கெடா நடந்த நடையை மறக்க முடியாது. வயிறும் கண் வளையமும் பால் வெள்ளை. பழுப்புநிறப் பெட்டைகள் புல் கடித்தபடி இருந்தன. ஒன்று துள்ள, பின்னாலேயே எல்லாம் துள்ளின. புதர்க்காட்டைவிடத் திறந்த புல்வெளியே இவற்றுக்குப் பாதுகாப்பு. தூரத்தில் வரும் ஆபத்தைக் கண்டதும் ஓடிவிடும். சுரங்கத்துக்காக ஒதுக்கிய நிலம் வீடாகவும் வயலாகவும் மாறாமல் கிடந்ததால்தான் இவை பிழைத்தன என்று நினைக்கிறேன்.

"சுரங்கம் மூடினப்ப எங்களுக்குப் போக்கிடம் இல்ல. இதுங்களுக்கும் அப்படி ஆயிடக் கூடாது" என்றார் அவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தெருநாய்கள் குட்டிகளை விரட்டுகின்றன. சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை பற்றிய பேச்சும் இருக்கிறது.

தொழிற்பேட்டை வரட்டும், வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறும் ஊர் இது. ஆனால் நிலத்தைப் பங்கிடும் முன், மான் மேயும் புல்வெளியை அரசு தனியே அளந்து ஒதுக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு வெளிமான்.