பார்சல் வேண்டாம், உட்கார்ந்து சாப்பிடுவோம்!

பாபநாசம் என்றால் பலருக்குத் திருநெல்வேலிப் பக்கத்து அருவிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது எங்கள் தஞ்சாவூர்ப் பாபநாசம். 108 சிவாலயமும், திருப்பாலைத்துறைக் கோவிலில் நாயக்கர் காலத்துப் பெரிய நெற்களஞ்சியமும் உள்ள ஊர். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் கும்பகோணம். மேற்கே 25 கிலோமீட்டரில் தஞ்சாவூர். வடக்கே காவிரியைத் தாண்டிக் கபிஸ்தலம் போய்விட்டால் திருவையாற்றுச் சாலை. மூன்று பக்கமும் பேர் போன ஓட்டல்கள்தான்!

ஆனால் சகோதரிகளே, அந்த ஓட்டல்களின் ருசி நம்மில் எத்தனை பேருக்கு நேராகத் தெரியும்? வீட்டு ஆண்கள் அங்கே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவார்கள். நமக்கு வருவது பார்சல். பொட்டலத்துக்குள் வேர்த்துப் போன தோசையும், ஆறிப் போன சாம்பாரும்தானே நாம் கண்ட ஓட்டல் சாப்பாடு!

இதை மாற்றுவோம் என்று கிளம்பினோம், நானும் என் ஓரகத்தியும், 76 வயதான எங்கள் மாமியாரும். மாதம் ஒரு நாள், காலை டிபனிலிருந்து மாலைக் காபி வரை வெளியில். அத்தைதான் முதலில் தயங்கினார்கள். "கல்யாணப் பந்தியிலே எத்தனையோ தடவை உக்காந்திருக்கேன். ஓட்டல் மேஜையிலே எனக்குன்னு ஒருத்தர் இலை போட்டதில்லைம்மா. இந்த வயசிலே எதுக்கு?" என்றார்கள். "இந்த வயசிலேதான் அத்தை!" என்றாள் ஓரகத்தி.

பஸ் செலவு கிடையாது. 2021-ம் ஆண்டிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் அல்லவா? பயணக் காசு மிச்சமானது, காபிக்கு ஆயிற்று!

கும்பகோணம்

முதலில் போனது கும்பகோணம். கும்பேஸ்வரன் கோவில் வாசல் பக்கம் மங்களாம்பிகா விலாஸ் காபி ஓட்டல், நூறாண்டு கண்டது. சுவாமி தரிசனம் முடித்துவிட்டுக் காபி குடிப்பது ஊர் வழக்கம். காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணாவும் பழைய பெயர்தான்.

'டிகிரி காபி' என்கிறோமே, அது ஏன் டிகிரி? பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் கருவியை மிதக்க விடுவார்கள். அது காட்டும் அளவுதான் டிகிரி என்று ஒரு கதை. முதல் டிகாஷனில் போட்டது டிகிரி காபி என்று இன்னொரு கதை. சிக்கரிதான் வாய்வழக்கில் டிகிரி ஆயிற்று என்பாரும் உண்டு. எது நிஜமோ, தண்ணீர் கலக்காத பாலும், புதிதாக வறுத்து அரைத்த பொடியும், அப்போதே இறக்கிய டிகாஷனும் இருந்தால் நம் வீட்டிலும் வரும். சென்னை நெடுஞ்சாலையில் பித்தளை டவராவை வைத்துக்கொண்டு 'கும்பகோணம் டிகிரி காபி' என்று எத்தனையோ போர்டுகள்! ருசி டவராவில் இல்லை, பாலில்தான் இருக்கிறது.

இட்லிக்குக் கடப்பா தொட்டுக்கொள்வது இந்தப் பக்கத்து விசேஷம். வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்குப் பக்குவம் சொல்கிறேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, அவித்த உருளைக்கிழங்கை ஒன்றிரண்டாக மசித்துச் சேர்க்கவும். தேங்காய், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, சோம்பு, கொஞ்சம் கசகசா இவற்றை விழுதாக அரைத்துக்கொள்ளவும். பட்டை, கிராம்பு, வெங்காயம் தாளித்து எல்லாவற்றையும் கொதிக்க விட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழியவும். புளியும் வேண்டாம், சாம்பார்ப் பொடியும் வேண்டாம். பருப்பு இருப்பதால் பிள்ளைகளுக்குப் புரதமும் ஆயிற்று. சின்னக் குழந்தைகளுக்கு மிளகாயைக் குறைத்து இட்லியை இதிலேயே ஊற வைத்துக் கொடுக்கலாம்.

"ஆம்பளை யாரும் வரலையா?"

எல்லா இடமும் இப்படி வரவேற்றதாகச் சொல்ல மாட்டேன். ஒரு ஊரில் ஒரு ஓட்டல். பேர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் சர்வர், "ஆம்பளை யாரும் வரலையா? ஃபேமிலி ரூம் உள்ளே இருக்கு" என்று கையைக் காட்டினார். எட்டிப் பார்த்தோம். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை, அழுக்குத் திரை, ஓடாத மின்விசிறி.

அத்தை ஒன்றும் கோபப்படவில்லை. "ஏம்ப்பா, நாங்க மூணு பேரும் ஃபேமிலி இல்லையா? இங்கேயே காத்தாட உக்காந்துக்கறோம்" என்று முன் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்! தயங்கினவர்களா இவர்கள் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்து நிமிஷத்தில் இலை வந்தது.

ஓட்டலில் யார் எங்கே உட்காரலாம் என்பது நம் நாட்டில் பெரிய கதை. காபி கிளப்புகளில் பிராமணருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம் என்றிருந்த காலம் உண்டு. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த இந்தப் பாகுபாடு, சுயமரியாதை இயக்கத்தார் போராடிய பிறகு 1941-ல் ஒழிந்தது. அந்தத் திரை போய்விட்டது. நமக்குப் போட்ட திரையை நாம்தான் விலக்கிக்கொள்ள வேண்டும்.

சாயங்காலமானால் ஆண்களில் பலருக்கு டாஸ்மாக் கடையும் பக்கத்துப் பாரும் இருக்கின்றன. 2003-லிருந்து அரசாங்கமே நடத்துகிற கடை. எத்தனை வீட்டுச் சம்பளம் அங்கே போகிறதென்று நமக்குத் தெரியும். அந்த மாதிரி இடம் நமக்கு வேண்டாம். ஆனால் வீட்டை விட்டு வெளியே, ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பேச நமக்கும் ஒரு இடம் வேண்டுமே? அதற்கு ஒரு நல்ல காபி ஓட்டல் போதும்.

திருவையாறு

அடுத்த மாதம் கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு. வழியெல்லாம் ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் வாழையும் நெல்லும். இங்கே ஆண்டவர் அல்வாக் கடையின் அசோகா பிரபலம். வேகவைத்த பாசிப்பருப்போடு சர்க்கரை, நெய், நெய்யில் வறுத்த கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துக் கிளறுவது. வாழை இலைத் துண்டில் சூடாக வைத்துத் தந்தால் நாக்கில் கரைகிறது. அத்தைக்குச் சர்க்கரை உண்டு, ஆகையால் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தியாகராஜ சுவாமி சமாதிக்கும் போனோம். அங்கே கோவில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த நாளில், பெண்களைச் சேர்த்துத் தனியே பாட வைத்தவர். அவர் சிலை அங்கேயே இருக்கிறது. அத்தை வெகு நேரம் அதன் எதிரில் நின்றார்கள்.

திரும்பும்போது வீட்டு ஆண்களுக்கு அசோகா வாங்கிக்கொண்டோம். ஆமாம், இந்தத் தடவை அவர்களுக்குப் பார்சல்!

கிளம்புகிறவர்களுக்குச் சில யோசனைகள்

முதலில் கழிப்பறையைப் பாருங்கள். தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லாத ஓட்டலில் எத்தனை நல்ல தோசை போட்டாலும் அது பெண்களுக்கான ஓட்டல் இல்லை. வெளியே போகிறோமே என்று நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி வைத்து, பிறகு நீர்க்கடுப்போடு டாக்டரிடம் ஓடுவது நம் பெண்களுக்கு வழக்கமாகிவிட்டது. கர்ப்பிணிகள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

கொதிக்கக் கொதிக்க வருவதைச் சாப்பிடுங்கள். ஆறின சட்னி, வெட்டி வைத்த பழம் வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். அப்படியும் ஏதாவது வாங்கி வர நேர்ந்தால் பாத்திரம் கொண்டு போங்கள். இட்லித் தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும், அந்த மாதிரி உறைகளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றித் தந்தால் வாங்காதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொழுந்து வெற்றிலை போடுங்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. புகையிலை மட்டும் கூடாது.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் இரண்டு பேராகப் போங்கள். முதல் தடவை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாம் தடவை சர்வரே, "வாங்கம்மா, அதே டேபிள் காலியா இருக்கு" என்பார். எங்களிடம் அப்படித்தான் சொன்னார். மாதத்தில் ஒரு நாள் நம் வீட்டு அடுப்பு ஓய்ந்திருந்தால் குடும்பம் ஒன்றும் குறைந்துவிடாது. வருஷம் முழுவதும் ஊருக்கெல்லாம் சுடச்சுடப் பரிமாறுகிற நமக்கு, யாராவது ஒரு வேளை சுடச்சுடப் பரிமாறட்டுமே!