அன்னைக்கு ஒரு கணினி

கண்ணொளி குன்றிய எம் அன்னையார், கடல் கடந்து வாழும் மகளின் முகத்தைக் கைப்பேசியின் சிறு திரையிற் கண்டு நிறைவுறாராயினர். ஆதலின், உறுப்புகளைத் தேர்ந்து அவருக்கொரு கணினி அமைத்துத் தர விழைந்தோம்.

தனி வரைகலை அட்டை அவருக்கு வேண்டுவதன்று. படங்காட்டும் ஆற்றலைத் தன்னகத்தே கொண்ட நுண்செயலியே சாலும். இன்டெல் நுண்செயலிகளுள் பெயரிறுதியில் ‘எஃப்’ எழுத்துடையன அவ்வாற்றல் இலாதன, அவற்றை விலக்கினோம். நினைவகம் 8 ஜிபி கொண்டோம். சுழலும் வன்தட்டினும் எஸ்எஸ்டி விரைவுடையது, ஓசையற்றது, அதனையே தெரிந்தோம். மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் பாராட்டினோமல்லேம். அது பழுதுறின் ஏனை உறுப்புகளும் கெடக்கூடும்.

எஞ்சிய பொருளெல்லாம் 24 அங்குலத் திரைக்கே ஈந்தோம். விரைவு மிக்க கருவி எம் ஆசைக்கு விருந்தாகலாம். அன்னையார் வேண்டியதோ மகளின் முகம். பிறர்க்கெனப் பொருள் தேர்வோர் அவர்தம் கண்கொண்டே தேர்தல் முறையாம்.